விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?

கிணத்துக்கடவிலிருந்து கோயம்புத்தூர் உக்கடம் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் ஒத்தக்கால்மண்டபம், மலுமிச்சம்பட்டி, ஈச்சனாரி, சுந்தராபுரம் என்று நின்று நின்று போகும். தக்காளிக் கூடை வருகிற நாளாக இருந்தால் உட்கார இடம் கிடைக்காது. ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சிகிச்சை எடுக்கும் ஒரு தம்பதி இந்தச் சாலையில் ஒரே மாதத்தில் எத்தனை தடவை போய்வர வேண்டியிருக்கும் என்று பார்ப்போம். இந்தத் தம்பதி என் கற்பனை. அவர்களுக்கு நடப்பது எதுவும் கற்பனை இல்லை.

அவருக்கு வயது 34. தென்னந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும் உண்டு. அவள் 30, தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருசம். மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். அன்றைக்கே ஊசி தொடங்கும். வழக்கமாக ஒரு கருமுட்டை முதிரும் இடத்தில் பத்துப் பன்னிரண்டை முதிரவைக்கும் ஊசி அது. எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட வேண்டும். இடையில் மூன்று நான்கு ஸ்கேன். கருமுட்டைகள் தயார் என்றதும் இரவில் ஒரு கடைசி ஊசி. அதைப் போட வேண்டிய நேரத்தை மருத்துவமனை மணி, நிமிடத்தோடு எழுதித் தரும். ஏனென்றால் அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். தாமதித்தால் முட்டைகளைச் சுமக்கும் பைகள் வெடித்து முட்டைகள் வெளியேறிவிடும். அதே காலையில் கணவர் விந்து தர வேண்டும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கரு கருப்பைக்குள் வைக்கப்படும். உறைநிலையில் வைத்தால் அடுத்த மாதம் இன்னொரு சுற்று அலைச்சல். அப்புறம் ஏறத்தாழ இரண்டு வாரக் காத்திருப்பு. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு எண்.

இத்தனையும் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஊசி மருந்தைக் குளிரில் வைத்தாக வேண்டும். ஆகவே ஃபிரிட்ஜ் கதவில் தயிருக்குப் பின்னால் ஒரு கேரிபேக். பஸ்ஸில் பக்கத்துத் தோட்டத்து அக்கா பிடித்துக்கொள்கிறார்: “ஏம்மிணி, அடிக்கடி கோயமுத்தூர் போறாப்பல இருக்குது, வேலை கீது மாத்திட்டியா?” “இல்லீங்க்கா, தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லீங்க.” இனி இல்லாத அந்த நோயையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது கருத்தரிப்புச் சிக்கலைச் சந்திக்கிறார். கிணத்துக்கடவு மாதிரி ஊரில் ஒரு வீதிக்கு ஒரு வீடாவது தேறும். அந்த வீடுகளுக்கு ஒன்றையொன்று தெரியாது.

*

“மனசை லேசா வெச்சுக்க கண்ணு. டென்ஷன் இல்லாம இருந்தா தானா நிக்கும்.” இப்படிச் சொல்லாத ஒரம்பரை இல்லை. அக்கறையில் சொல்வதுதான். இதற்குள் ஓர் அறிவியல் கூற்று ஒளிந்திருக்கிறது: மன அழுத்தம் கருவைத் தடுக்கும். உண்மையா?

ஓரளவுக்கு இடமிருக்கிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு துடிப்பாக ஒரு ஹார்மோனை விடுகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டை ரத்தத்தில் கலக்கிறது. சினைப்பை வேலை செய்வது இவற்றால். கடும் பட்டினி, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி, பெரும் மன அதிர்ச்சி ஆகியவை அந்தத் துடிப்பைத் தடுமாறவைக்கும். மாதவிலக்கே நின்றுபோவதும் உண்டு. போர்க்காலத்திலும் பஞ்சத்திலும் இது நடந்திருக்கிறது.

ஆனால் ஐவிஎஃப் சுழற்சியில் இந்தப் பாதை முழுவதையும் மருத்துவர் வெட்டிவிடுகிறார். எஃப்எஸ்எச் வெளியிலிருந்து ஊசியில் வருகிறது. முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் இருக்க இன்னொரு ஊசி பிட்யூட்டரியை அடக்கி வைக்கிறது. கருப்பைச் சுவரைத் தாங்கப் புரோஜெஸ்டிரோனும் வெளியிலிருந்தே. ஹைப்போதலாமஸ் கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் இந்த மாதம் அதற்கு அதிகாரம் இல்லை.

இதைக் கணக்காகவும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி பொய்வினும் சகாக்களும் 2011இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். 14 ஆய்வுகள், 3583 பெண்கள். சிகிச்சைக்கு முன்பே அவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் அளக்கப்பட்டிருந்தன. அந்தச் சுழற்சியில் கருத்தரித்தவர்களுக்கும் தரிக்காதவர்களுக்கும் இடையே அந்த அளவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அழுதுகொண்டே போன பெண்ணும் சிரித்துக்கொண்டே போன பெண்ணும் ஒரே வாய்ப்போடுதான் திரும்பினார்கள்.

அப்படியானால் எதனால் தவறுகிறது? பெரும்பாலும் கருவின் குரோமோசோம்களால். முப்பதுகளின் நடுவில் உள்ள பெண்ணின் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கும். 42 வயதில் அது நான்கில் மூன்று. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் நிலைக்காது. இதில் மாமியார் திட்டியதற்கோ, பஸ்ஸில் குலுங்கியதற்கோ, முந்தின நாள் வேலைக்குப் போனதற்கோ பங்கில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. “டென்ஷனாகாதே” என்ற அறிவுரை, சுழற்சி தோற்றதும் “நீ டென்ஷனானதால்தான்” என்ற தீர்ப்பாக மாறிவிடுகிறது. லட்சம் ரூபாயும் போய், பழியும் அவள் தலையில். நான் பார்த்தவரை, பெண்கள் இந்தப் பழியைத் தங்கள்மேல் தாங்களே போட்டுக்கொள்வதுதான் அதிகம்.

*

கருவைத் தடுக்கவில்லை என்றால் மன அழுத்தத்தைப் பற்றி எதற்கு ஓர் அத்தியாயம்? வலி கருவைக் கெடுத்தால்தான் வலி என்று கணக்கில்லையே. பாஸ்டனில் ஆலிஸ் டோமர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிப்புச் சிக்கல் உள்ள பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோயாளிகள், இதய நோயிலிருந்து மீள்பவர்கள் ஆகியோரின் அளவுக்கு ஈடாக இருந்தன. புற்றுநோய்க்காரரைப் பார்க்க ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும். இவளைப் பார்க்க யாரும் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எட்டு நாடுகளின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்து சோஃபியா கமெய்ரோவும் சகாக்களும் 2012இல் எழுதினார்கள். பாதியில் சிகிச்சையைக் கைவிடுபவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் சிகிச்சை தரும் உடல், மனப் பாரமும் தம்பதிக்குள் எழும் பிரச்சினைகளும் இருந்தன. 35 வயதுக்குக் கீழே ஒரு கருமாற்றத்தில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நல்ல மையங்களில் மூன்றில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. ஆகவே ஒரே முறையில் கிடைக்காதவர்கள்தான் பெரும்பான்மை. இரண்டாம் முறைக்கு மனசில் தெம்பு இருப்பவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்கிறது. மன அழுத்தம் கருப்பைக்குள் நுழைவதில்லை, ஆனால் மருத்துவமனை வாசலில் வழிமறிக்கிறது.

டோமரே 2000இல் இன்னொரு சோதனை செய்தார். குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 184 பெண்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மனப்பயிற்சி, ஒரு பகுதியினருக்குக் கூடிப் பேசும் குழு, மற்றவர்களுக்கு எதுவுமில்லை. ஓராண்டில் முதல் இரு குழுக்களிலும் ஏறத்தாழ 55 சதவீதத்தினர் நிலைத்த கர்ப்பம் அடைந்தார்கள்; மூன்றாம் குழுவில் 20 சதவீதம். உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் எண் இது. எனக்கு இதில் தயக்கம் உண்டு. இடையில் விலகிப்போனவர்கள் நிறைய, அவர்கள் எல்லாக் குழுக்களிலும் ஒரே சீராகவும் விலகவில்லை. பின்னர் வந்த சோதனைகளும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உறுதியாகக் காட்டவில்லை. நான் கவனிப்பது வேறொன்றை: நிபுணர் நடத்திய மனப்பயிற்சியும், ஒரே நிலையில் இருந்தவர்கள் சும்மா உட்கார்ந்து பேசியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

*

கொங்கு நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை. பங்காளி, மாமன் மச்சான், நங்கையா, கொழுந்தியா என்று ஒரு தம்பதியைச் சுற்றி எப்படியும் ஐம்பது பேர் இருப்பார்கள். சமூக ஆதரவு மன அழுத்தத்தைத் தணிக்கும் என்று உளவியல் பாடநூல்கள் சொல்வது சரியானால், கிணத்துக்கடவுத் தம்பதி உலகிலேயே நிம்மதியானவர்களாக இருக்க வேண்டும்.

நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இந்த முரணுக்கு விளக்கம் தருகிறது. அதற்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை. வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினமும் தனித்தனியே நாட்குறிப்பு எழுதச் சொன்னார் நயல் போல்ஜர். 2000இல் முடிவு வெளியானது. “இன்று எனக்கு என் துணை ஆறுதலாக இருந்தார்” என்று தேர்வெழுதுபவர் எழுதிய நாட்களை அடுத்து அவருடைய மனச்சோர்வு குறையவில்லை, கூடவே செய்தது. துணை “இன்று ஆதரவாக இருந்தேன்” என்று எழுதியிருக்க, பெற்றவர் அதை ஆதரவாகவே குறிக்காத நாட்களில்தான் சோர்வு குறைந்தது. வெளிப்படையாகத் தெரியும் உதவி, “உன்னால் முடியவில்லை” என்ற சேதியையும் கூடவே கொண்டுவருகிறது. கண்ணில் படாத உதவியில் அந்தச் சேதி இல்லை.

நம் ஊர் ஆதரவு எல்லாம் கண்ணில் படுகிற ஆதரவு. “பழனிக்கு வேண்டிக்கிட்டிருக்கறேன்” என்று பத்துப் பேர் நடுவில் சொல்வது. ஈரோட்டில் யாருக்கோ நின்ற கதை, கேரளத்து வைத்தியர் நம்பர், செவ்வாழைப்பழம், அரசமரம் சுற்றுதல். தகவல் வடிவத்தில் வரும் ஆதரவு வெள்ளமாக ஓடுகிறது. கை வேலையாக வரும் ஆதரவு சொட்டுகிறது. மேலே சொன்ன தம்பதிக்கு உண்மையில் என்ன தேவை? ஸ்கேன் நாளில் சந்தைக்குத் தக்காளி ஏற்றிவிட ஓர் ஆள். முட்டை எடுத்த அன்று அவளை பஸ்ஸில் இல்லாமல் காரில் கூட்டிவர ஒரு மச்சான். சுழற்சி நடக்கும் மாதத்தில் கர்ப்பிணி ஒருத்திக்கு நடத்தும் கட்டுச்சோறு விருந்துக்கு அவள் வரவில்லை என்றால் “தலைவலின்னு படுத்திருக்குது” என்று தானாகவே சொல்லிச் சமாளிக்கும் ஒரு நங்கையா. இந்த நங்கையாவின் பொய்யை நயல் போல்ஜர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த விருந்துகளும் கல்யாணங்களும் தரும் நெருக்கடி சாதாரணமானதில்லை. கொங்கு வேளாளர் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் குழந்தை பெற்றவராக இருக்க வேண்டும் என்பது மரபு. சடங்கின் அடுக்கிலேயே குழந்தைக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாதவர்கள் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் பந்தல் ஓரத்தில் நிற்கிறார்கள். திருச்செங்கோட்டுப் பின்னணியில் பெருமாள்முருகன் எழுதி 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ இந்த ஓரத்தில் நிற்கும் தம்பதியைப் பற்றிய நாவல். 2014 இறுதியில் அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டமும் 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் அளித்த தீர்ப்பும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் அந்த நாவலில் காண்பது: அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் குறை ஒன்றும் இல்லை. நெருக்கடி முழுதும் வாசலுக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

இப்போது ஒரு கூடுதல் சிக்கல். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. கோவை, ஈரோடு பக்கமெல்லாம் ‘ஒண்ணு போதும்’ என்ற முடிவு ரொம்ப நாளைக்கு முன்பே வந்துவிட்டது. ஏழு பிள்ளைகள் ஓடிய வீட்டில் ஒரு மகனுக்குக் குழந்தை இல்லாதது தெரியாது. ஒரே மகன் உள்ள வீட்டில், தோப்பும் கிணறும் யாருக்கு என்ற கேள்வி தினமும் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும்.

*

ஆண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காரணங்களில் ஏறத்தாழ பாதியில் ஆணுக்கும் பங்கு உண்டு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற, வலியே இல்லாத பரிசோதனை விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்துவிட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும். நடப்பில் அது கடைசியில்தான் நடக்கிறது. அதற்குள் அவளுக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்து, லேப்ராஸ்கோப்பி செய்து, மூன்று மாதம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். வரிசையை இப்படித் தலைகீழாக வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

குறை அவரிடம் என்று தெரிந்தபின் வீட்டில் என்ன நடக்கிறது? பல வீடுகளில் மனைவியே அதைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். அவர் வாயைத் திறப்பதில்லை. டென்மார்க்கில் லோன் ஷ்மிட் சிகிச்சையில் இருந்த 2250 ஆண் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வந்தது. பெண்களில் நான்கில் ஒருவர், ஆண்களில் ஐந்தில் ஒருவர், இந்தக் கஷ்டம் தங்கள் உறவை இறுக்கமாக்கியது என்றார்கள். இந்த நன்மை கிட்டாத ஆண்கள் யார் என்று பார்த்தால், விசயத்தை ரகசியமாக வைத்தவர்கள், மனைவியோடு இதைப் பேசவே சிரமப்பட்டவர்கள், வேலையில் மூழ்கியோ கூட்டத்தைத் தவிர்த்தோ நழுவியவர்கள். ரகசியம் ஊரிடமிருந்து காப்பாற்றியது. வீட்டுக்குள் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ரகசியத்தின் கதை இந்திய ஐவிஎஃப்பின் முதல் நாளிலிருந்தே வருகிறது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். 70 நாட்கள் கழித்து, அக்டோபர் 3இல், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் இந்தியாவின் முதல் ஐவிஎஃப் குழந்தை துர்கா பிறந்தார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு முகோபாத்யாய் சொன்னதை ஏற்கவில்லை. 1981 ஜூன் 19இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். துர்காவின் பெற்றோர் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையின் அடையாளத்தை மறைத்தே வளர்த்தார்கள். கனுப்பிரியா அகர்வால் என்ற தன் உண்மைப் பெயரோடு அவர் மேடையேறியது 2003இல், இருபத்தைந்து வயதில். சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தது 1990இல். இன்று கோயம்புத்தூரில் பெரிய சாலைகளில் கருத்தரிப்பு மையப் பலகை இல்லாத சாலை குறைவு. பலகை பெருகிவிட்டது, உள்ளே போய்வருபவர்கள் இன்னும் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்கிறார்கள்.

எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊரறியச் சொன்னால் ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் ஐம்பது பேருக்கு ஒப்பிக்க வேண்டும். இரண்டு பேர் போதும். அவள் பக்கம் ஒருவர், அவர் பக்கம் ஒருவர். கேள்வி கேட்கும் மற்றவர்களைத் திருப்பி அனுப்பும் வேலையும் அந்த இரண்டு பேருடையது.

*

கரு வைத்தபின் வரும் இரண்டு வாரம் தனி வகை. புரோஜெஸ்டிரோன் தவிர வேறு ஊசி மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை, செய்ய வேறொன்றும் இல்லை. தினசரி மனநிலையைக் குறித்துவரச் சொன்ன ஆய்வுகளில் பதற்றம் உச்சத்துக்குப் போனது இந்தக் கட்டத்தில்தான். முட்டை எடுக்கும் வலியைவிடக் காத்திருப்பு கடினம். பொய்வினும் டெபோரா லான்கேசிலும் இதற்கென்று ஒரு சிறு அட்டை செய்தார்கள். இந்த நிலையிலும் நல்லதாக எதைப் பார்க்கலாம் என்று நினைவூட்டும் பத்து வாக்கியங்கள், காலையும் மாலையும் படிக்க. கவலை அடியோடு போய்விடவில்லை. தாக்குப்பிடிக்க உதவியது என்று பெண்கள் சொன்னார்கள். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் நினைப்பு ஒன்றைத்தான் சுற்றும். எழுந்து வேலைக்குப் போகலாம்.

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் விளக்கி ஆற்றுப்படுத்தல் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்கிறது. மையத்தில் ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அந்த நாற்காலியில் இருப்பவர் பேக்கேஜ் விலையை மட்டும் விளக்கினால், தம்பதி தயங்காமல் கேட்கலாம்: இதை முடித்துவிட்டீர்கள், சட்டம் சொன்ன மற்றதை எப்போது பேசப் போகிறீர்கள்?

அந்த ஆலோசகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, எப்போது நிறுத்துவது. யாரும் கேட்பதில்லை. நெதர்லாந்தில் 1995க்கும் 2000க்கும் இடையில் சிகிச்சை எடுத்த 7148 பெண்களிடம் பதினோரு முதல் பதினேழு ஆண்டுகள் கழித்துக் கமெய்ரோ குழு விசாரித்தது. குழந்தை வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் தீராமல் இருந்தவர்கள் ஆறு சதவீதம்தான். மனநலம் மோசமாக இருந்ததும் அவர்களிடம்தான். ஏக்கத்தைக் கடந்துவிட்டவர்கள், குழந்தை இல்லாதவர்களும்கூட, தேறியிருந்தார்கள்.

கடப்பதற்குத் தேதி குறிக்க முடியாது. நிறுத்துவதற்குக் குறிக்கலாம். முதல் ஊசிக்கு முன்னால், தோல்வி எதுவும் இன்னும் வராத நாளில், இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்: எத்தனை சுழற்சி, எவ்வளவு பணம், தோப்பில் எந்தப் பகுதியை எந்த நிலையிலும் அடமானம் வைப்பதில்லை, அதன்பின் தத்தெடுப்பதா, இருவராகவே இருப்பதா. ஃபிரிட்ஜ் கதவில் தயிருக்குப் பின்னால் ஒளித்துவைக்கத் தேவையில்லாத தாள் அது. சொந்தத்தில் தேர்ந்தெடுத்த அந்த இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு நகல் இருக்கட்டும். மூன்றாவது சுழற்சியும் தோற்று, “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று மருத்துவமனையிலிருந்து போன் வரும்போது அதை எடுத்து வாசிக்க வேண்டியது அவர்கள்தான்.